தாழ்ந்த தொட்டியில் குள்ளச் சிக்லிட்: எந்த உயரம், எந்த மீன், எந்த மண்?

100 லிட்டர் தண்ணீரை 60 செ.மீ. நீளம், 30 அகலம், 55 உயரம் என்று நிமிர்ந்து நிற்கும் தொட்டியிலும் வைக்கலாம். 90 நீளம், 45 அகலம், 25 உயரம் என்று காலை நீட்டிப் படுத்திருக்கும் தொட்டியிலும் வைக்கலாம். முதல் தொட்டியின் தரை 1,800 சதுர செ.மீ. இரண்டாவதன் தரை 4,050. தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான், தரை மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல். நடுநீரில் கூட்டமாகத் திரியும் டெட்ரா மீனுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. குள்ளச் சிக்லிட்டுக்கு இதுதான் முதல் கணக்கு.

சிக்லிட் என்பது ஒரு பெரிய நன்னீர் மீன் குடும்பம். அதில் ஆப்பிஸ்டோகிரம்மா (சுருக்கமாக ஆப்பிஸ்டோ), ராம், கிரிபென்சிஸ் போன்ற சின்னச் சிக்லிட்கள் தரையோடு தரையாக வாழ்பவை. இரை தேடுவது மண்ணில். முட்டையிடுவது குகைக்குள், அல்லது தட்டையான கல்லின் மேல். சண்டை போடுவது எல்லைக்காக. தென் அமெரிக்க ஓடைகளில் ஆப்பிஸ்டோக்கள் பெரும்பாலும் கரையோரமாக, உதிர்ந்த இலைகள் மெத்தைபோலக் கிடக்கும் ஆழமற்ற நீரில்தான் கிடைக்கின்றன. அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. ஆகவே தாழ்ந்த, அகன்ற, செடி நட்ட தொட்டி என்ற யோசனையில் தப்பில்லை. எவ்வளவு தாழ்வாக, எந்த மீனுக்கு, எந்த மண்ணோடு என்று வரும்போதுதான் சறுக்கல் தொடங்குகிறது. நானும் சறுக்கியவன்தான். கீழே சொல்வதில் பாதி அப்படிக் கற்றது.

உயரம்: 20, 30, 45

தாழ்ந்த தொட்டி என்றதும் நம் கண்ணில் நிற்கும் படம் 18, 20 செ.மீ. உயரமுள்ள, விளிம்புப் பட்டை இல்லாத கண்ணாடிதான். ஜப்பானியச் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் 60-எஃப் அந்த வகைக்கு நல்ல உதாரணம்: 60 நீளம், 30 அகலம், 18 உயரம். தரைப்புல் போல் படரும் செடிக்கும், தண்ணீரைத் தாண்டி எட்டிப் பார்க்கும் மரக்கிளைக்கும் அதைப்போல அழகான சட்டம் வேறில்லை. ஆனால் அது செடிக்காகப் பிறந்த அளவு. மீன் அங்கே விருந்தாளி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60க்கு 45 தரையுள்ள தொட்டி. மண் சராசரியாக 5 செ.மீ., நீர்மட்டம் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே. உயரம் 20 என்றால் மிஞ்சும் நீர்நிலை 12 செ.மீ.; அதாவது சுமார் 32 லிட்டர். உயரம் 30 என்றால் 22 செ.மீ., சுமார் 59 லிட்டர். கண்ணாடி 10 செ.மீ. கூடியதற்குத் தண்ணீர் ஏறக்குறைய இரட்டிப்பு! மரமும் கல்லும் இறங்கிய பிறகு இரண்டிலுமே இன்னும் குறையும், ஆனால் அடி விழுவது சின்னத் தொட்டிக்குத்தான்.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. இலைக்கடியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், கூடுதலாக ஒரு சிட்டிகை தீனி போட்டாலும் மீனுக்கு நஞ்சான அம்மோனியா சட்டென்று ஏறும். இன்னொரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. வெப்பம் போவதும் நீர் ஆவியாவதும் மேற்பரப்பின் வழியாகத்தான் பெரும்பாலும் நடக்கும். இரண்டு தொட்டிக்கும் மேற்பரப்பு ஒன்றே, 2,700 சதுர செ.மீ. ஆனால் ஒன்றில் ஏறக்குறைய பாதித் தண்ணீர்தான் இருக்கிறது. எனவே அது ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் குளிரும், அதே வேகத்தில் சூடாகும்.

மீன்களின் சமூக வாழ்க்கைக்கு வருகிறேன். என் முதல் தாழ்ந்த தொட்டி 20 செ.மீ. உயரம். ஒரு ஜோடி ஆப்பிஸ்டோகிரம்மா காகட்டூய்டிஸ் விட்டிருந்தேன். தேங்காய்ச் சிரட்டைக்குள் பெண் முட்டையிட்டது, மேனி முழுக்க எலுமிச்சை மஞ்சளாக மாறியது, கறுப்புக் கோடுகள் பளிச்சென்று எழுந்தன. அதுவரை பார்த்து ரசித்தேன். அடுத்த நாள் ஆண் மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது, வால் கிழிந்து. முட்டையைக் காக்கும் பெண் ஆப்பிஸ்டோ தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஆணையும் விரட்டும். உயரமான நீர்நிலையில் ஆண் மேலே ஒதுங்கிக்கொள்ள வழியுண்டு. 12 செ.மீ. தண்ணீரில் பெண்ணின் எல்லை தரையிலிருந்து நீர்மட்டம் வரை போய்விடுகிறது. ஒதுங்க வானம் இல்லை. ஆணை அன்றே வேறு தொட்டிக்கு மாற்றினேன்.

மறுமுனையில் 45 செ.மீ. தொட்டி. இதில் சிக்லிட்டுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. தரை விசாலமாக இருந்தால் உயரம் வெறும் உபரி. மேலே டெட்ராக்களுக்குத் தனித் தளம் கிடைக்கும். தொல்லை நமக்குத்தான். கை முழுக்க நனைந்து தோள் வரை இறங்கினால்தான் முன்வரிசைச் செடியைக் கத்தரிக்க முடியும். தரைச்செடிக்கு வெளிச்சம் எட்ட வலுவான விளக்கு வேண்டும்.

என் தேர்வு 28 முதல் 30 செ.மீ. உயரம். பார்வைக்குத் தாழ்ந்த தொட்டிதான், மீனுக்கு மூச்சுவிட இடமும் உண்டு. அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 30 செ.மீ. அகலத்தில் ஒரு மரவேரை வைத்தால் அதன் முன்னாலும் பின்னாலும் வெறும் சந்துதான் மிஞ்சும். 45 அகலத்தில் அதே மரம் தொட்டியை இரண்டு அறையாகப் பிரிக்கும். ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மீன்கள் சண்டை போடுவதில்லை. பாதி அமைதி அதில்தான் இருக்கிறது. ஒரு ஜோடிக்கு 60க்கு 45 போதும். ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் என்றால் 90க்கு 45.

ஏற்கெனவே 45 உயரத்தில் தொட்டி வைத்திருப்பவர் புதிதாக வாங்க வேண்டாம். தொட்டியின் உயரம் வேறு, தண்ணீரின் உயரம் வேறு. 30 செ.மீ. வரை மட்டும் நிரப்புங்கள். மேலே மிஞ்சும் கண்ணாடி, மீன் குதிக்காமல் காக்கும் சுவராகிவிடும்; மரத்தின் உச்சியில் ஈரக்காற்றில் செடி வளர்க்கவும் அதுவே இடம். விளிம்பில் தொங்கும் ஃபில்டர் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது, அதன் உறிஞ்சு குழாய்க்கும் அருவிக்கும் நீர்மட்டம் விளிம்புக்குக் கிட்டே இருந்தாக வேண்டும்.

மீன்: அழகைப் பார்க்கும் முன் வெப்பத்தைப் பாருங்கள்

முதல் ஆசை எல்லாருக்கும் ராம் மீதுதான். மைக்ரோஜியோஃபேகஸ் ராமிரெசி. வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ சமவெளியிலிருந்து வந்து 1948இல் அறிவியல் பெயர் பெற்றது. நீலப் பொட்டும் மஞ்சள் முகமும் சிவந்த கண்ணுமாக ஐந்தாறு செ.மீ.க்குள் இவ்வளவு வண்ணத்தை அடக்கிய மீன் குறைவு. தாழ்ந்த திறந்த தொட்டிக்கு நான் கடைசியாகச் சொல்லும் மீனும் இதுதான். அதற்கு 27 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும், அதுவும் ஏறாமல் இறங்காமல். மேற்பரப்பு பரந்த தொட்டியில் குளிர்ந்த அறையில் அந்த வெப்பத்தை நிறுத்திவைக்க ஹீட்டர் ஓயாமல் ஓடும், தண்ணீர் நாளுக்கு நாள் வற்றும். அந்தச் சூட்டில் மாஸ் எனும் பாசிச்செடி வகைகள் பல பழுத்துப் போகும். பழகாத புதுத் தொட்டியிலும் ராம் தாங்குவதில்லை. செடிகள் வேரூன்றி, தொட்டி சில மாதம் ஓடிய பிறகு விட்டால்தான் நிலைக்கும். அறை வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும், மூடியும் போடப் போகிறீர்கள் என்றால் என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

ராமின் வடிவம்தான் பிடித்திருக்கிறது, தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குப் பொலிவியன் ராம், அதாவது மைக்ரோஜியோஃபேகஸ் அல்டிஸ்பினோசஸ். வண்ணம் அடக்கம், உடம்பு கொஞ்சம் பெரிது. 23 முதல் 27 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். கடையில் வெளிறித் தெரியும் இந்த மீன், பழகிய தொட்டியில் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வேறு மீன்.

ஆப்பிஸ்டோக்களில் முதலில் காகட்டூய்டிஸ். காகட்டூ கிளியின் கொண்டைபோல ஆணின் முதுகுத் துடுப்பு சிலிர்த்து நிற்பதால் இந்தப் பெயர். ஆண் 8 செ.மீ. வரை வளரும், பெண் 5 செ.மீ. அளவோடு நிற்கும். பி.ஹெச். (நீரின் அமில-கார அளவு) 6 முதல் 7.5 வரை எதற்கும் முகம் சுளிக்காது, தொட்டியில் பிறந்த தலைமுறைகள் இன்னும் தாராளம். இது ஓர் ஆண், பல பெண் என்று வாழும் மீன். ஒவ்வொரு பெண்ணும் தனித்தனிச் சிற்றெல்லை வைத்துக்கொள்ளும், ஆண் எல்லாவற்றையும் சுற்றி ஒரு பேரெல்லை போடும். அகன்ற தரையின் பயனை முழுதாகக் காட்டும் மீன் இதுதான். 90 செ.மீ. தொட்டியில் மூன்று பெண்கள் மூன்று மூலையில் மூன்று சிரட்டைகளை ஆள்வதைப் பார்த்துவிட்டால் உயரமான தொட்டி மேல் ஆசை போய்விடும்.

அடுத்தது போரெல்லி. பராகுவே ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. உடம்பில் இளநீலம், முகத்தில் மஞ்சள், அண்டை வீட்டாரோடு அதிகம் வம்பு வளர்க்காத குணம். 22 முதல் 25 டிகிரி போதும், அதற்குச் சற்றுக் கீழே போனாலும் தாங்கும். திறந்த தாழ்ந்த தொட்டிக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். செடி அடர்ந்த தொட்டியை விரும்பும் மீன். மொட்டைத் தொட்டியில் விட்டால் வண்ணமே காட்டாது. 60க்கு 45 தொட்டியில் முதல்முறை இறங்குபவர் கேட்டால் நான் போரெல்லியைத்தான் சொல்வேன். காகட்டூய்டிஸ் இரண்டாவது.

அகாசிஸி அழகில் இவற்றுக்கு மேல், கத்திமுனைபோல நீண்ட வால். ஆனால் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீர் அதற்கு வேண்டும், ஆர்.ஓ. நீரோ மழைநீரோ கலக்கத் தயாராக இருப்பவருக்கான மீன். கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா, கேமரூன் பக்கத்தது. கெட்டியான மீன், நல்ல பெற்றோர். ஆனால் ஆண் 10 செ.மீ. வரை வளரும், தோண்டும், குஞ்சு பொரித்துவிட்டால் முழுத் தொட்டியும் தனதென்று பட்டா போட்டுக்கொள்ளும். நட்ட செடியை மறுபடி மறுபடி நடும் பொறுமை இருந்தால் 90 செ.மீ. தொட்டியில் வையுங்கள், 60இல் வேண்டாம். ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில், காலி நத்தைக் கூட்டில் குடியிருக்கும் சிப்பிச் சிக்லிட்டைச் செடித் தொட்டியில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். தாழ்ந்த தொட்டி அதற்குப் பிடிக்கும், ஆனால் அதற்குத் தேவை காரத்தன்மையுள்ள கடின நீரும் மணலும். செடித் தொட்டியின் பாதை வேறு.

வெப்பம் பற்றி இன்னொன்று. குஞ்சு எடுக்க நினைப்பவருக்கு இது வேண்டியது. யூவே ரோமர், வோல்ஃப்காங் பைசென்ஹெர்ஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பல ஆப்பிஸ்டோ இனங்களில் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதை வெப்பநிலை அசைக்கிறது என்று காட்டியது. வெப்பம் கூடினால் ஆண்கள் கூடும். 29 டிகிரியில் வளர்த்துவிட்டு, எல்லாமே ஆணாக வருகிறதே என்று புலம்புவதில் பயனில்லை.

மண்: செடி கேட்பதா, மீன் கேட்பதா

இந்த ஒப்பீட்டில் நேர்மையான முரண்பாடு இங்கேதான் இருக்கிறது. உயரத்தில் சமரசம் எளிது, மண்ணில் அப்படியல்ல.

அக்வா சாயில் என்பது களிமண்ணை உருண்டையாக்கிச் சுட்ட ஊட்டமண். செடிக்கு அமுதம். பி.ஹெச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டை நீரிலிருந்து உறிஞ்சிக்கொண்டு பி.ஹெச்.ஐ 6, 6.5 பக்கம் இறக்கிவிடும். அகாசிஸி போன்ற மீன்களுக்கு அதுவும் லாபம். ஆனால் முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கக்கும், அந்தக் காலத்தில் மீன் விடக்கூடாது. பி.ஹெச்.ஐ இறக்கும் சக்தியும் நிரந்தரமல்ல. குழாய் நீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு சீக்கிரம் தீரும். ஒன்றிரண்டு வருடத்தில் அது வெறும் மண்தான்.

மீன் பக்கம் நின்று பாருங்கள். மைக்ரோஜியோஃபேகஸ் என்ற பெயருக்கே சின்ன மண்தின்னி என்று பொருள். ராமும் ஆப்பிஸ்டோவும் மணலை வாய் நிறைய அள்ளும், உள்ளே இருக்கும் இரையைப் பொறுக்கும், மிச்சத்தைச் செவுள் வழியாகத் தூவிவிடும். நாள் முழுக்க இதுதான் வேலை. அக்வா சாயில் உருண்டை செவுள் வழியே போகாது. அதை வாயில் கவ்வி இடம் மாற்றலாம், அவ்வளவுதான். மீன் அதனால் செத்துவிடாது. ஆனால் கோழியைச் சிமெண்ட் தரையில் வளர்ப்பது போன்ற விஷயம் இது: முட்டை போடும், கிளறாது.

மெல்லிய மணலுக்கும் அதன் குறைகள் உண்டு. ஊட்டம் சுத்தமாக இல்லை. வேரால் உண்ணும் செடிகளுக்கு உரவில்லைகளைப் புதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆழமாகக் கொட்டினால் அடியில் இறுகும். கழிவு மேலேயே தெரியும், சிலருக்கு அது குறை, எனக்கு வசதி; தெரிவதை உறிஞ்சி எடுத்துவிடலாம். எந்த மணலானாலும் ஒரு கரண்டி எடுத்து அதில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அது நீரைக் கடினமாக்கிவிடும்.

இரண்டையும் சேர்த்துவிடலாமே என்றுதான் எல்லாரும் வந்து நிற்கிறோம். சேர்ப்பதில் தப்பான வழி, சாயிலை அடியில் கொட்டி மேலே மணலைப் பரப்புவது. மணல் துகள் கனமானது, சிறியது. சாயில் உருண்டை பெரியது, இலேசானது. சிக்லிட் ஒரு மாதம் தோண்டினால் போதும், உருண்டைகள் எல்லாம் மேலே மிதந்து வந்ததுபோல் தரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். எனக்கு மூன்றே வாரத்தில் அப்படி ஆனது. சரியான வழி பக்கவாட்டில் பிரிப்பது. பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு சாயில், முன்பக்கம் மணல், நடுவே நான்கைந்து செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பட்டை, அதை மறைக்கக் கல்லும் வேரும். வெறும் கல்லை மட்டும் வரிசையாக வைத்தால் இடுக்கு வழியாக இரண்டும் கலந்துவிடும். சாயிலை வலைப்பையில் கட்டி வைத்தால் இன்னும் பத்திரம், பிற்காலத்தில் பையோடு எடுத்து மாற்றவும் முடியும்.

தாழ்ந்த தொட்டியில் மண்ணின் ஒவ்வொரு செ.மீ.யும் தண்ணீரிலிருந்து திருடியது என்பதை மறந்துவிடாதீர்கள். பின்பக்கம் 12 செ.மீ. மேடு போட்டு மலைச்சரிவு காட்டுவது 36 உயரத் தொட்டிக்குச் சரி. 30இல் முன்னால் 2, பின்னால் 6 என்று நிறுத்திக்கொள்வேன். 20இல் மேடு என்ற பேச்சே வேண்டாம்.

மணலின் மேல் உலர்ந்த நாட்டுவாதாம் இலையோ கொய்யா இலையோ சில போடுங்கள். அதிலிருந்து இறங்கும் சாயம் நீரைத் தேநீர் நிறமாக்கும், மீனின் கூச்சத்தைப் போக்கும். இலையில் படியும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளின் முதல் மேய்ச்சல். தெளிந்த நீர்தான் அழகு என்பவர்கள் மணலோடு விட்டுவிடலாம்.

செடியும் கார்பன் டை ஆக்சைடும்

செடி வளரச் சிலிண்டர் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு கொடுப்பதா வேண்டாமா? சாதாரணத் தொட்டியில் இது விருப்பம். தாழ்ந்த தொட்டியில் எனக்குக் கிட்டத்தட்ட முடிவான பதில் உண்டு: வேண்டாம். வாயுவை நுண்குமிழியாக்கும் டிஃப்யூசரிலிருந்து கிளம்பும் குமிழி மேலே போவதற்குள் கரைய வேண்டும். 15, 20 செ.மீ. பயணத்தில் பாதி கரையாமலே வெளியேறும். கரைந்த மீதியும் பரந்த மேற்பரப்பு வழியாகத் தப்பித்துவிடும். தொட்டிக்கு வெளியே நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாய் இடையில் கரைக்கும் கருவியைப் பொருத்தி முதல் சிக்கலைத் தீர்க்கலாம், இரண்டாவது அப்படியே இருக்கும். ஈடுகட்ட அளவைக் கூட்டினால் குறைந்த நீரில் அது சட்டென்று வரம்பு மீறும். தரையில் வாழும் மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

அதே பரந்த மேற்பரப்பு ஆக்சிஜனுக்கு வரம். சிலிண்டரை விட்டுவிட்டால் தாழ்ந்த தொட்டியைப்போல நன்றாக மூச்சுவிடும் தொட்டி வேறில்லை. கார்பனுக்கும் வேறு வழி இருக்கிறது. மிதக்கும் செடிகளும், தண்ணீருக்கு வெளியே இலை நீட்டும் செடிகளும் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். மரத்தின் உச்சியில் மணி பிளாண்ட் தண்டு ஒன்றைச் செருகி வேரை மட்டும் நீரில் விட்டால் நைட்ரேட்டை ஆசையாகக் குடிக்கும். தொங்கும் வேர்க்கற்றைக்குள் குஞ்சுகள் ஒளியும்.

நீருக்குள் அனுபியாஸ் நானா, கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா. முன்னால் புல்தரை வேண்டுமானால் சஜிட்டேரியா சுபுலாட்டா, ஒரு மூலையில் மட்டும். மணல் முழுக்க அது படர்ந்துவிட்டால் மீன் எங்கே கிளறும்? கிரிப்டோகோரைன் நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்துபோகும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். ரோட்டலா போன்ற தண்டுச் செடிகள் இந்த உயரத்தில் இரண்டு வாரத்தில் கூரையைத் தொட்டுவிடும். கத்தரிப்பது பொழுதுபோக்கு என்பவர்களுக்கு மட்டும் அது. வாலிஸ்னேரியா நீர்மட்டத்தில் படுத்து நீளும். சிலருக்கு அது அலங்கோலம், என் மீன்களுக்கு அது பந்தல்.

விளக்கு பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். 45 செ.மீ. ஆழத்துக்கென்று செய்த விளக்கை 20 செ.மீ. நீருக்கு மேல் வைத்தால் பாசி கொண்டாடும். உயர்த்தித் தொங்கவிடுங்கள், அல்லது மங்கலாக்குங்கள், அல்லது சால்வினியாவை மேலே மிதக்கவிடுங்கள். நிழல் இருந்தால்தான் ஆப்பிஸ்டோ வெளியே வரும்.

மூடியும் ஃபில்டரும்

திறந்த தொட்டியின் அழகை மறுக்க மாட்டேன். குள்ளச் சிக்லிட் துள்ளிக் குதிக்கும் இனமும் அல்ல, ஆனால் துரத்தப்படும் மீன் எந்த இனமானாலும் குதிக்கும். தரையில் காய்ந்து கிடந்த மீனை ஒருமுறை எடுத்தவர்கள் பிறகு மூடி போடாமல் இருப்பதில்லை. நீர்மட்டத்தை விளிம்புக்கு ஐந்து செ.மீ. கீழே வைத்து, மிதக்கும் செடியால் மேற்பரப்பில் பாதியை மூடுவது நடுவழி. ராம் வளர்த்தால் வெப்பத்துக்காகவே மூடி வேண்டும். ஆவியாகி வற்றிய நீருக்கு ஈடாகக் குழாய் நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புகள் உள்ளே சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். வற்றியதற்கு ஆர்.ஓ. நீர் அல்லது சுத்தமான மழைநீர். வாரம் ஒருமுறை மாற்றும் பங்குக்கு வழக்கமான நீர்.

ஃபில்டரில் பெரிய வாக்குவாதம் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் குஞ்சுகளை இழுக்காது, ஆனால் குறைந்த நீர் உயரத்தில் காற்று தூக்கும் நீரின் அளவும் குறைவு. ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். கேனிஸ்டர் என்றால் தாழ்ந்த தொட்டிக்கான குட்டைக் குழாய் வாங்கி, உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள். ஹீட்டரைப் படுக்கவைத்து முழுக்க மூழ்கியிருக்கும்படி பொருத்துங்கள்; நிற்கவைத்தால் நீர் வற்றும்போது தலை வெளியே வந்துவிடும்.

யாரோடு, எத்தனை

தாழ்ந்த தொட்டியில் கூட்டாளி மீனைத் தேர்வதும் உயரத்தைப் பொறுத்ததே. டெட்ராக்கள் மேலே அமைதியாகத் திரிந்தால்தான் ஆபத்தில்லை என்று சிக்லிட்டுக்குத் துணிச்சல் வரும், வெளியே வரும். ஆனால் நடுநீரில் திரியும் மீனுக்கு இங்கே நடு என்று ஒன்றே இல்லை. மேற்பரப்போடு ஒட்டி வாழும் பென்சில் மீன் பொருந்தும், மூடி இருந்தால் மட்டும், ஏனென்றால் அது குதிக்கும். ஹாட்செட் மீனும் அப்படியே, இன்னும் மோசமாக. மூடியில்லாத தொட்டிக்கு எம்பர் டெட்ரா பத்துப் பன்னிரண்டு போதும்.

தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸ் (கோரி) வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். சிக்லிட்டின் மிரட்டலை மற்ற மீன்கள் புரிந்துகொண்டு விலகும். கவசம் போட்ட கோரி அதைக் காதில் வாங்காமல் மணலைக் கிளறியபடி நேராக முட்டைக்கே போகும். பகலில் சிக்லிட் அதன் கண்ணைக் கொத்தும், இரவில் கோரி முட்டையைத் தின்னும். இருவருக்கும் ஒரே தரை, ஒரே மணல். 120 செ.மீ. தொட்டியில் சமாளிக்கலாம். இங்கே முடியாது. பாசி தின்ன ஆட்டோசிங்க்ளஸ் மீன் போதும், அதுவும் தொட்டி நன்றாகப் பழகிய பிறகு.

சிக்லிட்டிலேயே இரண்டு இனங்களை 60 செ.மீ. தொட்டியில் கலக்காதீர்கள். ஒரே இனத்தில் இரண்டு ஆணும் கூடாது. பெண்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு குகை கூடுதலாக வையுங்கள். குகையின் வாய் பெண் நுழையும் அளவுக்குச் சிறிதாக, ஆண் தலையை மட்டும் விடும்படி இருந்தால் பெண்ணின் கை ஓங்கும், சண்டை குறையும். சிரட்டையில் விரல் நுழையும் துளை போட்டுக் கவிழ்த்தால் அதுவே மாளிகை.

ராம், பொலிவியன் ராம், கிரிபென்சிஸ் மூன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சைக் காப்பவை. கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகிவிடும் என்று உறுதியில்லை. குட்டிகளாக ஆறு வாங்கி, தாமாகவே ஒரு ஜோடி பிரிந்து வரும் வரை காத்திருப்பதே நம்பகமான வழி. ஜோடி சேர்ந்த அன்றிலிருந்து மற்ற நான்குக்கும் அந்தத் தொட்டியில் வாழ்வில்லை, சில நாட்களிலேயே மூலையில் ஒடுங்கிவிடும். அந்த நான்கும் போக வேண்டிய இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு ஆறு குட்டிகளை வாங்குங்கள்.